பன்னிரண்டு வாசலில் வேப்பிலை

வேண்டாவுக்குக் கூவ வராது. குப்பத்துப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய குறை இல்லை. கல்யாணமான புதிதில் மாமியார் ஒரு கூடை சங்கரா மீனைத் தலையில் ஏற்றி, "புதுப்பட்டினம் முச்சூடும் சுத்திட்டுக் காலிக் கூடையோட வா" என்று அனுப்பினாள். வேண்டா தெருத் தெருவாக நடந்தாள். வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் கூடை போன கனத்திலேயே திரும்பி வந்தது. மீன்தான் கொஞ்சம் நாறியிருந்தது.

"இன்னாமே, மீனுக்கு ஊரைச் சுத்திக் காட்டிக்கினு வந்தியா?" என்றான் புருஷன் முனிசாமி. அந்தப் பேச்சைக் குப்பமே ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தது.

நாலாவதும் பெண்ணாகப் போயிற்றே என்று அப்பன் வைத்த பெயர் வேண்டா. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. பேச்சு குறைவு, பார்வை அதிகம். யார் வீட்டு வாசலில் எந்தச் செருப்பு இல்லை, யார் வீட்டுக் கொடியில் புதுச் சேலை, எல்லாம் அவள் கண்ணில் படும். ஒன்றையும் வெளியில் சொல்ல மாட்டாள்.

மீன் சரிப்படவில்லை என்றானதும் இலைக்கு மாறினாள். இலைக்குக் கூவ வேண்டியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் புதுப்பட்டினத்தை ஒட்டிக் குவாட்டர்ஸ் வீடுகள் வரிசை வரிசையாக எழும்பின. எந்தெந்த ஊர்க்காரர்களோ வேலைக்கு வந்து குடியேறினார்கள். வீட்டில் நெல்லிக்காய் அளவுகூட மண் இல்லாதவர்கள். பண்டிகையை மட்டும் ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுக்கு இலை வேண்டும், தழை வேண்டும், பூ வேண்டும். தினமும் வாழையிலையும் கீரையும். பண்டிகைக்கு முந்தின நாள் அந்தந்தப் பண்டிகைக்கு உரியது. வேண்டா வருகிற நேரம் தெரிந்து அவர்களே வாசலில் நிற்பார்கள்.

அவளுக்கு விழுந்தது கடைசி வரிசை. பன்னிரண்டு வீடுகள். அதற்கப்பால் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல். எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சைக் கதவு. கதவிலிருந்த எண்ணை அவள் பார்க்கவே மாட்டாள். வாசலைப் பார்த்தே வீட்டைச் சொல்வாள். மார்கழியில் சாணி உருண்டையில் பூசணிப்பூ நேராக நின்றால் அது நாலாம் எண், சாரதாம்பாள் வீடு. அந்தம்மாவுக்குப் பூ சாயக் கூடாது. தெலுங்கு வருஷப் பிறப்புக்கு மாவிலையில் மஞ்சள் தடவிக் கட்டினால் ஒன்பது. கிறிஸ்துமஸுக்குக் காகித நட்சத்திரத்துக்குள் பல்பு எரிந்தால் பன்னிரண்டு, மலையாளத்து ஏலியம்மா வீடு. கார்த்திகையில் மதில் முழுக்க அகல் வைத்து, காற்றில் அணைய அணைய ஓடி ஓடி ஏற்றிக்கொண்டே இருந்தால் அது ஏழாம் எண். அங்கே ஞானம்பாள் இருந்தாள். கும்பகோணத்துப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. புருஷன் தாமோதரனுக்குப் பட்டறையில் ஷிப்ட் வேலை.

வருஷம் பூராவும் அந்தப் பன்னிரண்டு வாசலும் மாறிக்கொண்டே இருக்கும். நடந்து பார்த்துக்கொண்டே போவதில் வேண்டாவுக்கு ஒரு சந்தோஷம். ஆடி மாதம் மட்டும் அவளுக்கு ஆகாது.

ஆடியில் வேப்பிலை கேட்பார்கள். சதுரங்கப்பட்டினத்தில் இடிந்து கிடக்கிற ஒல்லாந்துக்காரன் கோட்டைக்குள், பழைய கல்லறைகளுக்குப் பக்கத்தில் ஒரு வேம்பு உண்டு. "தாயே, கை வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஒடிப்பாள். அவளுடைய மூத்தவன் ஆறு வயதில் அம்மையில் போனான். அப்போது அவள் வீட்டுக் கூரையிலும் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை இறங்கும்போது தலைக்கு ஊற்றுகிற மூன்றாம் தண்ணீருக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவள் பூவாயி. ஒன்பது வயது. ஊருக்கெல்லாம் வேப்பிலை சுமந்தாலும் தன் வீட்டு வாசலில் வேண்டா தன் கையால் அதைக் கட்டியதில்லை. ஆடி வந்தால் முனிசாமிதான் கட்டுவான்.

அந்த வருஷம் ஆடியில் புதுப்பட்டினத்தில் ரெண்டு மூணு பேருக்கு அம்மை என்று பேச்சு கிளம்பியது. வழக்கமாகக் கட்டாதவர்களும் வேப்பிலை கட்டினார்கள். ஏலியம்மா வீடு தவிர வரிசை முழுக்கப் பச்சை. ஆடி முடிந்தது. சருகைக் கழற்றி எறிந்தார்கள். ஏழாம் எண்ணில் மட்டும் வேப்பிலை இருந்தது. அதுவும் வாடாமல்.

"ஞானத்துக்கு அம்மா வார்த்திருக்காம்" என்று சாரதாம்பாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஆம்படையான் பயந்துண்டு சிநேகிதன் ரூமுக்குப் போய்ட்டான். நீ ஒண்ணுவிட்டு ஒரு நாள் புதுசா வேப்பிலை கொண்டுவந்து கேட்டண்டை வச்சுட்டுப் போயிடு. கூப்பிடாதே, கதவைத் தட்டாதே."

அது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேப்பிலை தொங்கும் வீட்டுக்குள் ஒருவரும் போகமாட்டார்கள். பிச்சைக்காரன்கூட நிற்க மாட்டான். அந்த வீட்டில் தலை வாரக் கூடாது, சண்டை கூடாது, கவுச்சி கூடாது, கடுகு தாளிக்கக் கூடாது. எண்ணெய் தெறித்தால் அம்மா மேனியில் தெறித்த மாதிரி. வேண்டா கொத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். வீட்டுக்குள் சத்தமே இருக்காது. அடுத்த முறை வரும்போது பழைய கொத்து போய்ப் புதுக் கொத்து தொங்கும். யார் வந்து கட்டினார்கள் என்று கண்ணில் படாது.

கிருஷ்ண ஜயந்தி அன்று அந்த வரிசையில் அரிசி மாவால் சின்னச் சின்னக் கால்கள் வாசலிலிருந்து வீட்டுக்குள் போயிருந்தன. வேண்டா அவற்றை மிதிக்காமல் ஓரமாக நடந்து ஏழாம் எண்ணுக்கு வந்தாள். அங்கே கால்கள் இல்லை. குனிந்து வேப்பிலையைக் கீழே வைத்தபோது மூக்கில் ஏறியது.

கடுகு. பெருங்காயம். வெடித்த கறிவேப்பிலை.

பக்கத்து வீட்டுப் புகையாக இருக்கும் என்று ஆறாம் எண்ணுக்கு முன் போய் நின்று பார்த்தாள். இல்லை. எட்டுக்குப் போனாள். அங்கே சீடை வேகும் வாசம். திரும்ப ஏழுக்கு வந்தாள். சமையலறை ஜன்னலிலிருந்து தாளித்த வாசனை மெல்ல மெல்ல இறங்கி வேப்பிலைமேல் படிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பூவாயியின் சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

அடுத்த தடவை அவள் முன்பக்கம் நிற்கவில்லை. சவுக்குத் தோப்பு வழியாகச் சுற்றி வீட்டின் பின்பக்கம் வந்தாள். உச்சி வெயில். துவைக்கிற கல்லண்டை ஞானம்பாள் நின்று புடவை பிழிந்துகொண்டிருந்தாள். முகத்தில் பூசிய மஞ்சளும் வேப்பிலை விழுதும் தண்ணீர் பட்டுப் பாதி கரைந்திருந்தன. கரைந்த இடத்தில் தோல் வழவழவென்று இருந்தது. ஒரு முத்துகூட இல்லை. ரவிக்கைக் கைக்குக் கீழே, புஜத்தில், நாலு விரல் பதிந்த கறுப்பு மட்டும் இருந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா," என்றாள் ஞானம்பாள், "சத்தம் போட்டுடாதீங்க."

"நான் எங்கம்மா சத்தம் போடறது. எனுக்கு மீனே கூவ வராது." வேண்டா கூடையை இறக்கி வைத்தாள். "இன்னாம்மா இது? அம்மா பேர்ல பொய்யி சொல்லிக்கினு கீற?"

"எங்கம்மா பேரைச் சொல்லிப் பாத்தேன். எங்கப்பா பேரைச் சொல்லிப் பாத்தேன். ரெண்டு பேரும் செத்துப்போனவங்கதானே, அவர் பயப்படலே. இந்த அம்மாவுக்கு ஒருத்திக்குத்தான் பயப்படுறாரு." புடவையை உதறினாள். "எங்கண்ணன் நரசிம்மன் நாக்பூர்ல இருக்கான். கடுதாசி போட்டிருக்கேன். அவன் வர்ற வரைக்கும்தான்."

"அதுக்குன்னு தாளிக்கிறியேம்மா! ரோட்டுக்கு வருது வாசன."

ஞானம்பாள் வாயில் கை வைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, சிரித்துவிட்டாள். "ரசத்தை வெறும் புளித்தண்ணியா எத்தனை நாள்க்கா குடிக்கிறது?"

வேண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூத்தவனைப் பற்றிச் சொன்னாள். பூவாயியைப் பற்றிச் சொன்னாள். "எனுக்கு அவ ஒருத்திதாம்மா. பொய்யின்னு தெரிஞ்சும் நான் தழ கொணாந்து குடுத்தா, அம்மா என்னிய வுட்டுருவாளா?"

ஞானம்பாள் சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப வேணாம்க்கா. நீங்க இனிமே கொண்டு வராதீங்க. வாடினது வாடினபடி இருக்கட்டும்."

வேண்டா சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள். வரும் வழியில் வரிசை முனையில் தாமோதரன் நின்றுகொண்டிருந்தான். தினமும் ஷிப்ட் முடிந்ததும் அங்கே வந்து நிற்பான். வகிடு எடுத்து வாரிய தலை, சலவைச் சட்டை, மெல்லிய குரல். யாரையும் ஏகவசனத்தில் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை.

"என்னம்மா, வேப்பிலை வச்சாச்சா? இன்னும் எத்தனை நாளாகும்?"

"தெர்லங்க. அம்மா மனசு."

"ரெண்டு தண்ணி ஊத்தியாச்சு. எண்ணிட்டுத்தான் இருக்கேன்." விரலை மடக்கிக் காட்டினான். மோதிரம் போட்ட விரல். "தனியா இருந்து பழகிடக் கூடாது பாருங்க. பழகிட்டா அப்புறம் திருத்தறது கஷ்டம்."

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்வதுபோல் அதைச் சொன்னான். வேண்டா நடையை எட்டிப் போட்டாள்.

மறுநாள் அவள் கோட்டைக்குப் போனாள். "தாயே, கை வெக்கிறேன்" என்றாள். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒடித்துக்கொண்டு வந்து ஏழாம் எண் கேட்டில் வைத்தாள். அதற்கப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள் வேப்பிலை வைப்பதும், வீட்டுக்குப் போனதும் பூவாயியின் முதுகைப் பார்ப்பதும் அவளுக்கு வேலையாயிற்று. கழுத்து, காது மடலுக்குப் பின்னால், அக்குள், வயிறு. கொசு கடித்த தடத்தைக்கூட எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பாள்.

பிள்ளையார் சதுர்த்தி அந்த வருஷம் வியாழக்கிழமை வந்தது. புதன்கிழமை காலை வேண்டா எருக்கம்பூவும் அருகம்புல்லும் சுமந்துகொண்டு வந்தாள். வரிசை முனையில் தாமோதரன் அவளை நிறுத்தினான்.

"இனிமே ஏழாம் நம்பருக்கு வேப்பிலை வேண்டாம். மூணு தண்ணியும் ஆச்சு. நாளைக்குப் பண்டிகை. இன்னிக்கு மூணு மணிக்கு ஷிப்ட் விட்டதும் நானே வந்து எடுத்துடறேன்." சொல்லிவிட்டு ஷிப்ட் பஸ் ஏறப் போனான்.

வேண்டா பின்பக்கம் ஓடினாள். ஞானம்பாள் கையில் ஒரு கார்டு இருந்தது. அண்ணன் எழுதியது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் செங்கல்பட்டு ஸ்டேஷனில் காத்திருப்பதாக இருந்தது. இன்றைக்குப் புதன்.

"ரெண்டு நாள்," என்றாள் ஞானம்பாள். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுடும்க்கா. ஒரு வடு இல்லே. இத்தனை நாள் ஏமாத்தினதுக்குச் சேத்து வச்சுச் செய்வாரு. இந்தத் தடவை கையோட விடமாட்டாரு."

தன் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று வேண்டா யோசித்தாள். ஒற்றை அறைக் குடிசை. தாமோதரன் தங்கியிருக்கிற ரூம்காரன் தர்மராஜ் புதுப்பட்டினத்துக்காரன். தினமும் மீன் வாங்கக் குப்பத்துக்கு வருகிறவன். ஒரு மணி நேரம்கூட மறையாது.

"கதவ உள்தாப்பா போட்டுக்கினு இரும்மா" என்று மட்டும் சொன்னாள். எருக்கம்பூக் கட்டைத் துவைக்கிற கல்மேல் இறக்கி வைத்துவிட்டு, வழி தோன்றாமல் தோப்பிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறிய பிறகு காலிக் கூடையோடு கோட்டைப் பக்கம் நடந்தாள்.

வேம்பின் அடியில் நிழல் துளி இல்லை. சூரியன் நேர் மேலே நின்றது. உச்சிப் பொழுதில் மரத்தில் கை வைக்கக் கூடாது என்று குப்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேண்டா கல்லறை மேல் ஏறி நின்று, எட்டின கிளையையெல்லாம் ஒடித்தாள். அன்றைக்கு அனுமதி கேட்கவில்லை. கேட்டால் இல்லையென்று பதில் வந்துவிடுமோ என்று பயம்.

கடைசி வரிசைக்கு அவள் திரும்பியபோது ஒன்றரை மணி இருக்கும். ஆண்கள் வேலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பெண்கள் சாப்பிட்டுக் கதவைச் சாத்திப் படுத்திருந்தார்கள். காக்காய் சத்தம்கூட இல்லை. சவுக்கு மட்டும் இழுத்து இழுத்து மூச்சு விட்டது. வேண்டா ஒன்றாம் எண்ணில் ஆரம்பித்தாள். நிலையில் அடித்திருந்த தோரண ஆணியில் ஒரு கொத்தைச் செருகினாள். இரண்டு. மூன்று. சாரதாம்பாள் வீட்டில் கொத்து கைதவறிக் கீழே விழுந்தது, எடுத்துக் கட்டினாள். ஐந்து. ஆறு. ஏழில் ஏற்கெனவே இருந்தது. எட்டில் கட்டி முடித்துக் கூடையில் கை விட்டபோது கூடை காலி. இன்னும் நாலு வாசல் பாக்கி. திரும்பக் கோட்டைக்குப் போய்வர நேரமில்லை.

தோப்புக்குள் போய்க் குழாயில் கை கழுவினாள். கையில் கசப்பு போகவில்லை. நெடுநேரம் தேய்த்தாள். தூரத்தில் ஷிப்ட் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தோப்பு ஓரமாக வந்து ஒரு மரத்தின் பின்னால் உட்கார்ந்து வரிசையைப் பார்த்தாள்.

பன்னிரண்டு வாசலிலும் வேப்பிலை தொங்கியது.

ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஏலியம்மா வீட்டுக் கதவில்கூட. கதவெல்லாம் சாத்தியபடியே இருந்தன. அந்தச் சமயம் வேண்டா பயப்படவில்லை. அந்த நாலு வீட்டுப் பெண்களும் விழித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பார்த்து, தாங்களும் கட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

தாமோதரனும் தர்மராஜும் பேசிக்கொண்டே வரிசை முனைக்கு வந்தார்கள். தர்மராஜ்தான் முதலில் பார்த்தான். பேச்சு பாதியில் அறுந்தது.

"மச்சான். இங்க பாரு."

"யார் கட்டினா இதையெல்லாம்?" தாமோதரன் ஒரு அடி எடுத்து வைத்தான்.

தர்மராஜ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "எங்க போற? காலைல நான் இப்படித்தான் போனேன், ஒரு வூட்லதான் இருந்திச்சு. மத்தியானத்துக்குள்ள பன்னெண்டு வூடு. ஒரு வூட்ல கீதுன்னா வந்துகீறான்னு அர்த்தம். வரிசைக்கே போட்டுகீதுன்னா கோவமா கீறா."

"மூணு தண்ணி ஊத்தியாச்சு தர்மராஜ்."

"நீ ஊத்தினியா? கண்ணால பாத்தியா? எடுக்கறேன் எடுக்கறேன்னு காலைலேருந்து சொல்லிக்கினு இருந்த. அவ காதுல வுய்ந்துகீது." கன்னத்தில் போட்டுக்கொண்டான். "நான் இந்த வரிசைல காலு வெக்க மாட்டேன். நீ வெச்சியோ, என் ரூமுக்கு வராத. சொல்டேன்."

அந்நேரம் நாலாம் எண் கதவு திறந்தது. சாரதாம்பாள் வெளியே வந்தாள். தலைக்கு மேலே தொங்கிய வேப்பிலையை நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். வரிசை முனையில் நின்ற தாமோதரனையும் பார்த்தாள். கழற்றவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒவ்வொருத்தியாக வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஒருத்திகூட இன்னொருத்தியைக் கூப்பிட்டு, "இதென்னடி?" என்று கேட்கவில்லை. தாமோதரன் பொழுது சாயும் வரை நின்றான். பிறகு போய்விட்டான்.

வியாழக்கிழமை மற்ற வரிசைகளில் பிள்ளையாருக்குக் காகிதக் குடை பிடித்து, எருக்கம்பூ மாலை சாத்தி, கொழுக்கட்டை வெந்தது. கடைசி வரிசையில் குடை இல்லை. கோலம் இல்லை. வேண்டா நண்பகலில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை மெல்ல நடந்தாள். ஒரு வீட்டிலிருந்தும் கடுகு வெடிக்கும் வாசனை வரவில்லை. பச்சரிசி வேகும் ஆவி மட்டும். பன்னிரண்டு வீட்டிலும் ஆட்கள் இருந்தும் ஒருவரும் இல்லாத மாதிரி இருந்தது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏதோ போகட்டும் என்று காத்திருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது ஏழாம் எண் கதவு திறந்தது. ஞானம்பாள் வந்தாள். மஞ்சள் புடவை, நனைந்த தலை, முகம் நிறைய மஞ்சள், கையில் ஒரு கொத்து வேப்பிலை. அவளுடைய துணிப்பை வேண்டாவின் கூடைக்குள், வாழையிலைக்கு அடியில் இருந்தது. வேண்டா முன்னால் நடந்தாள். அம்மை இறங்கியதும் அம்மாவை ஊர் எல்லைக்கு அனுப்பும்போது எதிரில் யாரும் வரக்கூடாது. ஒருவரும் வரவில்லை.

ஆனால் கதவுகள் திறந்தன. ஆறாம் எண்ணில் செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரை ரோட்டில் ஊற்றினார்கள். ஐந்தில் ஊற்றினார்கள். நாலில் சாரதாம்பாள் நின்றிருந்தாள். ஞானம்பாளின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். காலடியில் தண்ணீரைச் சரித்து, "குளிர்ந்து போம்மா. எங்களையெல்லாம் ஒண்ணும் பண்ணிடாதே. குளிர்ந்து போ" என்றாள். அம்மனுக்குச் சொன்னாளா, பெண்ணுக்குச் சொன்னாளா, வேண்டாவுக்குப் பிடிபடவில்லை. பின்னால் வந்த ஞானம்பாள் அழுதுகொண்டிருந்தாளா என்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஈரக் காலின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் ஒரே ஒரு ஆளுடையது மாதிரி இல்லை என்று அவள் பிற்பாடு ஒருதரம் முனிசாமியிடம் சொன்னாள். அவன், "பேஜார் பண்ணாதமே, சோத்தப் போடு" என்றான்.

செங்கல்பட்டு பஸ் வந்தது. ஞானம்பாள் ஏறினாள். வேப்பிலையோடு ஏறியவளைப் பார்த்துக் கண்டக்டர் மூன்று பேர் உட்காரும் சீட்டைக் காலி செய்து கொடுத்தான். திருக்கழுக்குன்றம் ரோட்டில் பஸ் திரும்பும் வரை வேண்டா நின்றாள்.

அன்று மத்தியானம் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து வீடு வீடாகப் பார்த்தார். யாருக்கும் காய்ச்சல்கூட இல்லை. "படிச்சவங்க இருக்கிற எடத்துல இதென்ன கூத்து?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். தாமோதரன் காலி வீட்டுக்குள் போய்ப் பார்த்தான். செங்கல்பட்டு வரை போய்த் தேடினான். பிறகு அந்த வீட்டில் அவன் குடியிருக்கவில்லை. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஒரு மாதம் கழித்து ஞானம்பாளிடமிருந்து சாரதாம்பாளுக்கு ஒரு கார்டு வந்தது. சௌக்கியம் என்று மட்டும் இருந்தது.

வேண்டாவின் பயம் போகவில்லை. பொய்யென்று தெரிந்து கட்டியவள் அவள். கேட்காமல் உச்சிப் பொழுதில் ஒடித்தவள். தினம் மூன்று வேளை பூவாயியின் உடம்பைத் தடவிப் பார்த்தாள். இருபத்தொரு நாள் போயிற்று. முப்பது நாள் போயிற்று. ஒன்றும் முளைக்கவில்லை.

நவராத்திரிக்குச் சாரதாம்பாள் கொலு வைத்தாள். வேண்டா மாவிலை கொண்டுபோனபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. சாரதாம்பாள் சுண்டலை இலையில் வைத்துக் கொடுத்துவிட்டு, "தாளிப்பு வாசனை எனக்கு அப்பவே வந்துதுடி" என்றாள். "ஆறாம் நம்பர்காரிக்கும் வந்திருக்கு. ஒருத்தரும் வாயைத் திறக்கலை. சதுர்த்தியன்னிக்கு நாங்க பண்ணினதெல்லாம் அடுப்புல எண்ணெய்ச் சட்டி வைக்காம இருந்ததுதான். நீதான் கெட்டிக்காரி. பன்னெண்டு வாசலுக்கும் கட்டிட்டியே."

"நான் எட்டாவது வூடு வரைக்கும்தான்மா கட்டினேன். தழ தீந்துபூட்ச்சு. அந்த நாலு வூட்டுக்காரங்களே கட்டிக்கினாங்க."

சாரதாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவாள்ளாம் நீ கட்டினேன்னுதானே சொன்னா."

வேண்டா ஒன்பதாம் எண்ணுக்குப் போனாள். பத்துக்குப் போனாள். பதினொன்றுக்குப் போனாள். வாழ்நாளில் முதல் தடவையாகக் கதவைத் தட்டி, வாய் திறந்து கேட்டாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கடைசியில் ஏலியம்மா, "நான் எந்தினா, எதுக்காகக் கட்டணும்? எங்க வீட்ல அந்தப் பழக்கமே இல்லையே" என்றாள். "தூங்கி எழுந்து பாத்தேன், இருந்துது. நீ வச்சதுன்னு எடுக்காம விட்டேன். நீ இல்லையா?"

வேண்டா வீட்டுக்கு வந்தாள். பூவாயி உடம்பெல்லாம் மணலோடு கடற்கரையிலிருந்து ஓடி வந்தாள். அவளைக் குடிசைக்குப் பின்னால் நிற்கவைத்துத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். முதுகு பளிச்சென்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை. இத்தனை நாளும் அம்மன் கோபித்துக்கொண்டு வருவாள், வருவாள் என்று பயந்திருந்தாள். கோபமே இல்லை. அன்றைக்கு, அந்த வெயிலில், இவள் கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், மீதி நாலு வாசலுக்கும் அம்மனே நடந்து போயிருக்கிறாள்.

செம்பு பிடித்த கை அப்படியே நின்றது.

"யம்மா, ஊத்து. இன்னா பாத்துகினே கீற? முதுவுல எதுனா கீதா?"

"ஒண்ணும் இல்ல" என்றாள் வேண்டா. பிள்ளையின் தோளில் வைத்த கையை எடுக்காமல், அங்கேயும் வேப்பிலை தொங்குமோ என்று குடிசை வாசல் பக்கம் திரும்பாமல், மறுபடியும் தண்ணீர் மொண்டாள்.